புரோட்டீன் டப்பா வாங்கும் முன்: தென் எல்லைக்காரர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ ஜிம்மில் சேர்ந்தால் முதல் வாரமே யாராவது கேட்டுவிடுவார்கள்: "பவுடர் எடுக்கியா?" வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் அம்மா, "அது கிட்னிய கெடுக்கும் மக்ளே, வேண்டாம்" என்பார். இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு. பாலிலிருந்தோ சோயா, பட்டாணியிலிருந்தோ புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்தினால் கிடைப்பதுதான் புரோட்டீன் பவுடர். தினச் சாப்பாட்டில் புரதம் குறைந்து, அந்தக் குறையை அடுக்களையால் நிரப்ப வழியில்லாத ஆளுக்கு அது உதவும். மற்றவர்களுக்கு அது விலை கூடிய பால்பொடி.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையில் போங்கள். ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும். அடுக்களையில் சின்னத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. கடைக்குப் போவதெல்லாம் கடைசியில்தான்.

முதல் படி: உங்கள் எண் என்ன?

காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். கடையில் உட்காருகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், சாயங்காலம் கொஞ்சம் நடக்கிறவர் எல்லோருக்கும் இதே எண்தான்.

எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது போதாது. விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையினர் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, சுமார் 1.6 கிராமுக்கு மேலே போனால் தசை கூடுவதில் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஜிம்முக்குப் புதிதாகப் போகிற 60 கிலோ ஆளுக்கு 72-க்கும் 96-க்கும் இடையில் எங்காவது நின்றால் தாராளம். மூன்று கிராம், நான்கு கிராம் என்று மாஸ்டர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

வயது அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை தேயும் வேகம் கூடுவதால், ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை இருப்பது நல்லது என்று முதியோர் மருத்துவர்கள் கருதுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து வழக்கமான அளவோடு 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். உடம்பு ரொம்பப் பருமனாக இருந்தால் இப்போதைய எடையைப் பெருக்காதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைப் பெருக்கினால் போதும். கொழுப்புக்கு யாரும் புரதம் ஊட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: ஒரு நாள் சாப்பாட்டை எழுதுங்கள்

கல்யாண நாள், பண்டிகை நாள் வேண்டாம். சாதாரண ஒரு நாள். வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள், சாயாக்கடை வடை உட்பட. எதில் எவ்வளவு புரதம் என்பதற்கு ஏறக்குறைய இந்த அளவுகளை வைத்துக்கொள்ளலாம்:

முட்டை ஒன்று: 6 கிராம்
பால் ஒரு டம்ளர் (200 மில்லி): 6 முதல் 7
நடுத்தரச் சாளை (மத்தி மீன்) ஒன்று: 4 முதல் 5
அயலை, சூரை, கோழி, மாடு எதுவானாலும் சமைக்காத சதை 100 கிராம்: 19 முதல் 22
சிறுபயறு, காணம் (கொள்ளு), துவரம்பருப்பு சமைக்காதது 50 கிராம்: 11
கொண்டைக்கடலை சமைக்காதது 50 கிராம்: 10
நிலக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்): 7
சோயா உருண்டை உலர்ந்தது 30 கிராம்: 15
அரிசி சமைக்காதது 100 கிராம்: 7 முதல் 8
மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு 100 கிராம்: 1
ஏத்தன்பழம் (நேந்திரம்) ஒன்று: 1 முதல் 2

பட்டியலில் கடைசி இரண்டையும் கவனியுங்கள். நம் பக்கத்துச் சாப்பாட்டின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்டவர். அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் எத்தனையோ வயிறுகளை அந்தக் கிழங்கு காப்பாற்றியது. ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. அதனால்தான் கிழங்கோடு மீன் வந்து சேர்ந்தது. ருசி மட்டும் அதற்குக் காரணம் இல்லை. கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் கொஞ்சம் இருக்கும். வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும்போது பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை உடம்பு செயலிழக்கச் செய்ய கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் (புரதம் கட்டப்படுகிற துண்டுகள்) வேண்டும், அவை மீனில் இருக்கின்றன. கிழங்கும் சாளையும் என்று முன்னோர் சேர்த்தது கச்சிதமான ஏற்பாடு. கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும் மட்டும் என்று இரவுச் சாப்பாட்டை முடிப்பதில்தான் ஓட்டை.

அரிசியும் பயறும் சேர்வதும் அப்படித்தான். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. கஞ்சியும் பயறும், புட்டும் கடலைக்கறியும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

இனி ஓர் ஆளை வைத்துக் கணக்குப் போடுவோம். எடை 62 கிலோ. அதிகாலையில் ரப்பர் பால் வெட்டு, சாயங்காலம் ஜிம்.

விடியற்காலம் கட்டன் சாயா: ஒன்றும் இல்லை. காலையில் புட்டு, ஏத்தன்பழம், பப்படம்: மாவு, தேங்காய் எல்லாம் சேர்த்து 12 கிராம். மதியம் சம்பா அரிசிச் சோறு, புளிமுளத்தில் இரண்டு சாளை, கொஞ்சம் அவியல், மோர்: 24. சாயங்காலம் பால் சாயாவும் பழபஜ்ஜியும்: 4. இரவு கிழங்கும் இரண்டு சாளையும்: 12. மொத்தம் 52.

62-ஐ 0.83-ஆல் பெருக்கினால் 51 சொச்சம். பால் வெட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சாப்பாடே போதும், ஒரு குறையும் இல்லை. ஜிம்மையும் சேர்த்தால் 1.4 வீதம் 87 வேண்டும். 35 கிராம் குறைகிறது. இந்த 35-ஐப் பார்த்ததும் எல்லோரும் பவுடர் கடைக்கு ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாம் படி: முதலில் அடுக்களையால் நிரப்புங்கள்

நான் பார்த்தவரை நம் பக்கத்தில் மதியச் சாப்பாடு தேவலை, காலையும் இரவும்தான் ஏழை. ஆகவே அங்கே கை வையுங்கள்.

காலைப் புட்டுக்கு ஏத்தன்பழத்தோடு நிறுத்தாமல் 50 கிராம் சிறுபயறும் ஒரு முட்டையும் சேருங்கள். பதினேழு கிராம் அதிலேயே வந்துவிடும். மதியம் இன்னொரு சாளை, ஒரு 4. சாயங்காலம் பழபஜ்ஜியை விட்டுவிட்டு வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி: நிகரக் கணக்கில் 5 கூடும். இரவு இன்னொரு மீன், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்: 10. மொத்தம் 36 கூடிவிட்டது. நாள் கணக்கு 88. பவுடர் வேண்டாம்.

பொரோட்டாவும் மாட்டுக்கறியும் சாப்பிடுகிற நாளில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். வெந்த மாட்டுக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். பொரோட்டாவை மூன்றிலிருந்து ஒன்றாக்கி, கறியைக் கூட்டினால் சரி. தலைகீழாகச் செய்வதுதான் வழக்கம். ஐந்து பொரோட்டாவுக்கு சால்னா மட்டும்.

காணத்தை மறந்துவிடாதீர்கள். மற்ற ஊர்களில் கொள்ளு என்பார்கள். துவையலோ ரசமோ வைக்கிற அளவு போதாது, சுண்டல் அளவுக்குச் சாப்பிட்டால்தான் கணக்கில் ஏறும். சாயாக்கடை ரசவடையிலும் பருப்பு உண்டுதான், ஆனால் அதை நம்பி உடம்பு வளர்க்கிற அளவுக்குச் சாப்பிட்டால் எண்ணெய் முந்திக்கொள்ளும்.

நிரப்பும்போது ஒரே வேளையில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு வேளையிலும் 20, 25 கிராம் என்று பரவியிருந்தால் தசைக்கு நல்லது. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பது மிகைப்படுத்தல். நாள் மொத்தம்தான் முக்கியம். இன்னொன்று, வயிறு நிறையச் சாப்பிடாமல் புரதத்தை மட்டும் கூட்டினால் உடம்பு அதையும் விறகாக எரித்துவிடும். சோறு வேண்டும்.

நான்காம் படி: இவ்வளவுக்குப் பிறகும் குறைகிறதா?

சிலருக்குக் குறையும். யாருக்கெல்லாம் என்று சொல்கிறேன்.

குழித்துறையிலோ பாறசாலையிலோ விடியற்காலை ரயிலேறித் திருவனந்தபுரம் வேலைக்குப் போய், ராத்திரி திரும்புகிற ஆள். காலையில் பயறு வேகவைக்க நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது. அவருக்கு ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) பவுடர் பாலில் கலக்கிக் குடிப்பது நியாயமான வழி.

சைவமாகவே இருந்து எடைப் பயிற்சியும் கடுமையாகச் செய்கிறவர். பயறு, பால், சோயா உருண்டையால் எட்டலாம், ஆனால் சாப்பாட்டின் அளவு பெரிதாகிவிடும், வயிறு உப்பும்.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள். 41 நாள் மீனும் முட்டையும் கிடையாது. நம் பக்கத்தில் மீனை எடுத்துவிட்டால் புரதக் கணக்கு சட்டென்று சரிந்துவிடும். தவக்காலத்தில் மீன் தொடாத வீடுகளிலும் இதே கதை. அந்த நாட்களுக்கு மட்டும் பயறும் தயிரும் கூட்டி, போதாததற்குப் பவுடர் வைத்துக்கொள்ளலாம். வே புரோட்டீன் பாலிலிருந்து வருவதுதான். டப்பாவில் சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் இதில் சேர்க்கலாம். குமரி மாவட்டத்தின் கிழக்குக் கடல் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வள்ளக்காரர்கள் கொண்டுவரும் மீனின் விலையைக் கேட்டாலே பசி அடங்கிவிடும். அதற்காகப் பவுடர் வாங்குவது அதிகப்படி என்பது என் கருத்து. முட்டை இருக்கிறதே.

அப்புறம், நோயில் கிடந்து எழுந்த வயதானவர்கள். பல் இல்லை, கஞ்சி மட்டும் குடிக்கிறார்கள் என்றால், சுவையில்லாத பவுடர் ஒன்றிரண்டு கரண்டி கஞ்சியில் கலக்கிக் கொடுப்பது உதவும். மருத்துவரைக் கேட்டுவிட்டு.

இந்த இடத்தில் அரசு என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 2024 மே மாதம் வந்த இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கிறது. சர்க்கரை, இனிப்பூட்டிகள், செயற்கை வாசனைகள் சேர்க்கப்பட்டிருக்கலாம், தினமும் எடுப்பது நல்லதல்ல என்பது அவர்கள் வாதம். பெரும்பாலானவர்களுக்கு அது சரியான அறிவுரை. மேலே சொன்ன சில பேருக்கு மட்டும் நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன்.

யார் தொடக்கூடாது?

இதில் விளையாட்டு வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் பவுடரைத் தொடவே கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை அளவான புரதம் கெடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அம்மா பயப்படுவது அந்த வகையில் தேவையில்லாதது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குக் கூடுதல் புரதம் சுமை. சிக்கல் என்னவென்றால், பழுது இருப்பது பலருக்கும் தெரியாது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் தின்பவை, நம் வீடுகளில் இரண்டும் தாராளம். ஆகவே வீட்டில் யாருக்காவது இந்த நோய்கள் இருந்தாலோ, உங்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டாலோ, முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரண்டு சோதனைகளை, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியதில்லை.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் புரதம் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸில் புரதம் வெளியே போகிறது. ஆகவே பக்கத்து வீட்டு நோயாளிக்குச் சொன்னதை நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்தாதீர்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் பால் அல்லது சோயாப் பவுடருக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது. கர்ப்பிணிகள் கடையில் விற்கும் அதிகப் புரதப் பவுடர்களைத் தாமாக வாங்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் படி: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் தசை படம், தங்க எழுத்து. அதைப் பார்க்காதீர்கள். பின்பக்கம்தான் விஷயம்.

கொச்சி ராஜகிரி மருத்துவமனையைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில், டப்பாவில் எழுதிய புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் எழுதியதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினும், சிலவற்றில் பூச்சிமருந்து மிச்சமும் கிடைத்தன. எல்லாம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, கண்ணை மூடி வாங்காதீர்கள் என்று அர்த்தம்.

புரதம் குறைவாக இருந்தும் சோதனையில் கூடுதலாகக் காட்டுவது எப்படி? சாதாரணச் சோதனை புரதத்தை நேராக அளக்காது. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும். ஆகவே விலை மலிந்த கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், புரதமும் ஏறியது போலத் தெரியும். இதற்கு அமினோ ஸ்பைக்கிங் என்று பெயர். சீனாவில் 2008-ல் குழந்தைகளின் பால்பொடியில் மெலமைன் கலந்ததும் இதே தந்திரத்துக்காகத்தான். உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியாட்டின் என்று புரதத்தோடு சேர்த்து எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். எடைப் பயிற்சிக்காரர்கள் கிரியாட்டினைத் தனியாக வாங்குவது வேறு விஷயம்.

ஒரு டப்பாவைக் கையில் எடுத்தால் நான் பார்க்கிற வரிசை இது. ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம்? 30-க்கு 24 என்றால் 80 சதவீதம், வே கான்சென்ட்ரேட்டுக்கு (பால் புரதத்தில் சாதாரண வகை) நல்ல அளவு. ஐசோலேட் (இன்னும் சுத்தமாகப் பிரித்த வகை) என்றால் 90 பக்கம் வர வேண்டும். 100 கிராம் பெரிய ஸ்கூப்புக்குப் புரதம் 15, 20 என்றால் அது மாஸ் கெய்னர் என்ற எடை ஏற்றும் பொடி. மிச்சமெல்லாம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சர்க்கரை. அந்தக் காசுக்கு வீட்டில் கிழங்கு அவித்துச் சாப்பிடலாம். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவார்கள், ஆகவே முதல் பெயர் புரதமாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்த நாள், காலாவதி நாள், பேட்ச் எண் அழியாமல் தெரிய வேண்டும். "நோயைக் குணமாக்கும்" என்று எங்காவது எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கும் போடுங்கள். 1 கிலோ டப்பா 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 33 ஸ்கூப், ஒவ்வொன்றிலும் 24 கிராம், ஆக மொத்தம் 790 கிராம் புரதம். ஒரு கிராமுக்கு 3 ரூபாய் 80 பைசா. முட்டை 7 ரூபாய் என்றால் ஒரு கிராமுக்கு 1 ரூபாய் 20 பைசாவுக்குள். சிறுபயறு கிலோ 140 ரூபாய் என்றால் 60 பைசா. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், வரிசை மாறாது.

ஆறாம் படி: எங்கே வாங்குவது?

எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது முக்கியமில்லை. உரிமமுள்ள மருந்துக்கடை, கம்பெனியின் சொந்தக் கடை அல்லது சொந்த இணையதளம். இந்த மூன்றோடு நில்லுங்கள். பில் வாங்குங்கள். பெரிய டப்பா லாபம் என்பார்கள். முதல் தடவை சின்னப் பாக்கெட்டே போதும், வயிறு ஏற்குமா என்று தெரிய வேண்டுமே.

கல்ஃபிலிருந்து சித்தப்பா கொண்டுவரும் டப்பா நம் ஊரில் தனி வகை. சொந்தக்காரர் கடையில் வாங்கி சீல் உடைக்காமல் கொண்டுவந்து கொடுத்தால் காலாவதி பார்த்துச் சாப்பிடலாம். அதையே "கல்ஃப் சரக்கு" என்று சொல்லி ஒருவர் விற்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பொருளை இங்கே விற்க வேண்டுமானால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உரிம எண் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத டப்பா எந்த வழியாக வந்தது, உள்ளே இருப்பது ஒரிஜினல்தானா என்று சொல்ல ஆளில்லை.

ஜிம்மிலேயே பெயரில்லாத கவரில் அளந்து கொடுக்கிற பவுடரை எந்தக் காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம். "ஒரு மாசத்துல அஞ்சு கிலோ ஏறும்" என்று விற்கிற பொடியும் அப்படித்தான். அந்த வேகத்தில் தசை ஏறாது. அப்படி ஏறினால், பெரும்பாலும் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். மாவட்ட, மாநில அளவில் கபடி, தடகளம் விளையாடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் "பவுடரில் இருந்தது எனக்குத் தெரியாது" என்பது தடையிலிருந்து காப்பாற்றாது.

வீட்டிலேயே அரைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, வறுத்த சிறுபயறு சம அளவில் சேர்த்து அரைத்தால் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் வரும். கடையில் கிடைக்கும் சத்துமாவில் பெரும்பாலும் தானியம்தான், புரதம் அதில் பாதி. கேரளப் பக்கம் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் அங்கன்வாடிக் குழந்தைகளுக்காகச் செய்யும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸில் கோதுமையோடு கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை சேர்க்கிறார்கள். யோசனை நல்லது, அளவை மட்டும் பெரியவர்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: குடிப்பதும் வைப்பதும்

முதல் நாலைந்து நாள் அரை ஸ்கூப். வயிறு உப்பினாலோ பேதியானாலோ பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். லாக்டோஸ் குறைந்த ஐசோலேட்டோ பட்டாணிப் புரதமோ பாருங்கள், அல்லது விட்டுவிட்டு முட்டைக்கே திரும்புங்கள். முகப்பரு கூடினாலும் நிறுத்திப் பார்க்கலாம். ஒத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு ஸ்கூப், அதாவது குறை எவ்வளவோ அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம், சாப்பாட்டோடு.

டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்கூப்பை ஒரு தடவை தராசில் நிறுத்துப் பாருங்கள். தலைதட்டி எடுத்தால் ஓர் அளவு, குவித்து எடுத்தால் வேறு அளவு. ஒவ்வொரு நாளும் குவித்து எடுக்கிறவர்தான் மாதக் கடைசிக்கு முன்பே டப்பா தீர்ந்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்.

கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்து கட்டியாகும். சத்து போகாது, குடிக்கத்தான் முடியாது. ஆறிய பாலிலோ தண்ணீரிலோ, திரவத்தை முதலில் ஊற்றிப் பவுடரைப் பிறகு போட்டுக் குலுக்குங்கள். ஷேக்கரை உடனே கழுவுங்கள். ஜிம் பையில் ராத்திரி முழுக்கக் கிடந்த ஷேக்கரை மறுநாள் திறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமக்கு இடவப்பாதியும் உண்டு, துலா மழையும் உண்டு. ஈரம் கண்டால் பவுடர் கட்டி பிடிக்கும், பூஞ்சைக்கும் வசதி. ஆகவே ஈரக் கை, ஈர ஸ்கூப் உள்ளே போகக் கூடாது. அடுப்புப் பக்கத்து அலமாரியில் ஆவி படுகிற இடத்தில் வைக்கக் கூடாது. திறந்த டப்பாவை டப்பாவில் எழுதியிருக்கும் காலத்துக்குள் தீர்க்க வேண்டும். நிறம் மாறி, பழைய எண்ணெய்போலச் சிக்கு வாசம் வந்துவிட்டால் கொடுத்த விலையை நினைக்காமல் கொட்டிவிடுங்கள். வாழை மூட்டில் கொட்ட வேண்டாம், எறும்பு மொய்க்கும்.